கொரியாவில் ஆங்கிலம் படிப்பிக்கப் போகிறவர்களின் நேரக் கணக்கு

வணக்கம் நேயர்களே.

பல்கலைக்கழகம் முடித்த பிள்ளை ஒருநாள் வந்து, "அம்மா, நான் ஒரு வருஷம் கொரியாவுக்கு இங்கிலிஷ் படிப்பிக்கப் போறன்" என்று சொல்வது ரொறன்ரோ தமிழ் வீடுகளில் இப்போது புதினம் இல்லை. கனடாக் கடவுச்சீட்டு, ஏதாவது ஒரு துறையில் இளங்கலைப் பட்டம், குற்றப் பதிவு இல்லை என்ற பொலிஸ் சான்று, இவை இருந்தால் தென்கொரியாவின் ஈ-2 விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய ஏழு நாட்டவருக்குத்தான் அந்தக் கதவு அகலத் திறந்திருக்கிறது. 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய வர்த்தக ஒப்பந்தத்தின் பிறகு, ஆங்கில ஆசிரியர் தகுதிச் சான்று உள்ள இந்தியர்களும் அரசுப் பாடசாலைகளுக்கு உதவி ஆசிரியர்களாகப் போகலாம். இந்தியாவில் இருக்கும் மச்சான் மச்சாள்மார் கேட்டால் சொல்லிவிடுங்கள்.

பெற்றோர் என்னிடம் கேட்பது சம்பளமும் தங்குமிடமும். பிள்ளைகள் கேட்பது எந்த ஊர் நல்லது என்று. வேலை நேரத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. காரணம், அது ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுதியிருப்பதாக அவர்கள் நினைக்கிறார்கள். அரசுப் பாடசாலை என்றால் வாரத்துக்கு 22 மணி நேரம். தனியார் நிலையம் என்றால் பெரும்பாலும் 30. முழுநேரம் என்றால் 40 என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இரண்டுமே சின்ன எண்களாகத்தான் தெரியும். நான் இரண்டு வகை இடத்திலும் படிப்பித்தவன். அந்த எண் எதற்காக எழுதப்பட்டது என்று விளங்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இன்றைக்கு இங்கே வந்திருக்கிறேன்.

முதலில் அரசுப் பாடசாலை. எபிக் என்பது அரசுப் பாடசாலைகளுக்கு வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களை எடுக்க 1995இல் தொடங்கிய, கொரியக் கல்வி அமைச்சின் கீழ் நடக்கும் திட்டம். அதன் 22 மணி நேரம் என்பது வகுப்பில் நின்று பாடம் நடத்தும் நேரம் மட்டும். பாடசாலையில் இருக்க வேண்டிய நேரம் வாரத்துக்கு 40தான். காலை எட்டரைக்குப் போனால் நாலரைக்கு வெளியே வரலாம், மதியச் சாப்பாடு பிள்ளைகளோடு. சரி, அந்த 22இல் ஒரு மணி நேரம் என்றால் எவ்வளவு? ஆரம்பப் பாடசாலையில் 40 நிமிடம். நடுநிலையில் 45. உயர்நிலையில் 50. ஆகவே ஆரம்பப் பாடசாலைக்குப் போகிறவரின் 22 மணி நேரம், கடிகாரத்தின்படி 14 மணி 40 நிமிடம். உயர்நிலைக்குப் போகிறவருக்கு 18 மணி 20 நிமிடம். ஒரே மாதிரி ஒப்பந்தம், ஒரே சம்பளப் படி, வாரத்துக்கு மூன்றரை மணிக்கும் மேலே வித்தியாசம்.

இதை எங்கள் ஊரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒன்ராறியோவில் ஒரு பாடசாலை நாளில் குறைந்தது 300 நிமிடம் கற்பித்தல் நடக்க வேண்டும், வாரத்துக்கு 1500. அரசுத் தொடக்கப் பாடசாலை ஆசிரியருக்கு அதில் 240 நிமிடம் தயாரிப்பு நேரமாகப் போகும். மிச்சம் 21 மணி நேரம். அப்படியானால் கொரிய ஆரம்பப் பாடசாலை வேலை இலகுவானதா? நிமிடத்தை மட்டும் பார்த்தால், ஆம். ஆனால் ஆசிரியரைக் களைக்க வைப்பது தயாரிப்பு. அது ஊருக்கு ஊர் மாறும்.

எப்படி என்று சொல்கிறேன். கொரியாவில் மூன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் கட்டாயம். 1997இலிருந்து அப்படித்தான். மூன்றாம் நாலாம் வகுப்புக்கு வாரத்துக்கு 2 பாடவேளை, ஐந்தாம் ஆறாம் வகுப்புக்கு 3. ஒவ்வொரு வகுப்பிலும் மூன்று பிரிவு இருக்கிற ஒரு நகரப் பாடசாலையை எடுங்கள். மொத்தம் 30 ஆங்கிலப் பாடவேளை. அதில் 22 உங்களுக்கு, மிச்சம் கொரிய ஆசிரியருக்கு. ஆனால் அந்த 30க்குள் இருப்பது பத்துப் பாடங்கள்தான், ஒவ்வொன்றும் மூன்று தடவை. முதல் பிரிவில் சொதப்பியதை இரண்டாவதில் திருத்தலாம், மூன்றாவதில் நித்திரையிலும் நடத்தலாம்.

இனி ஒரு நாட்டுப்புறப் பாடசாலை. ஒரு வகுப்புக்கு ஒரு பிரிவு. மொத்தம் 10 பாடவேளை. பத்துப் பாடவேளைக்காக ஒரு வெளிநாட்டு ஆசிரியரை வைத்திருக்க முடியாது என்று கல்வி அலுவலகம் உங்களை இரண்டாவது பாடசாலைக்கும் அனுப்பும், சில இடங்களில் மூன்றாவதுக்கும். இரண்டு பாடசாலை என்றால் 20 பாடவேளை, ஒப்பந்த எல்லைக்குள்தான். ஆனால் அங்கீகரிக்கப்பட்ட பாடநூல்களில் எது வேண்டும் என்று ஒவ்வொரு பாடசாலையும் தானே தேர்ந்தெடுக்கிறது. திங்கள் போகும் இடத்தில் ஒரு புத்தகம், புதன் போகும் இடத்தில் இன்னொன்று. ஆகவே இருபதும் இருபது தனித்தனிப் பாடங்கள். நகரத்தில் இருப்பவரின் 22ஐவிட இந்த 20 இரண்டு மடங்கு வேலை. பேருந்துப் பயணம் வேறு. இதற்கு ஒரு சிறு மேலதிகப் படி தருவார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் "நாட்டுப்புறம் என்றால் அமைதியாக இருக்கும், வேலையும் குறைவு" என்று நினைத்து விருப்பத் தெரிவில் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கும். எட்டுப் பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் படிப்பிப்பதன் சுகம் தெரிந்துதான் போகிறீர்கள் என்றால் அது வேறு கதை. அந்தச் சுகத்துக்கு ஈடு இல்லை.

22 என்ற எண் ஏன் வந்தது? அதற்கு மேல் போனால் மேலதிக நேரக் கொடுப்பனவு தர வேண்டும். அந்த எல்லைக் கோடுதான் அது. உங்களுக்குக் களைப்பு எங்கே தொடங்குகிறது என்று யாரும் அளந்து எழுதியதில்லை.

விடுமுறையைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். கொரியக் கல்வி ஆண்டு மார்ச்சில் தொடங்கும். கோடை விடுமுறை ஜூலைக் கடைசியிலிருந்து, மாரி விடுமுறை அதைவிட நீளம். பிள்ளைகளுக்கு விடுமுறை என்றால் எனக்கும் விடுமுறை என்று கனடாப் புத்தியோடு போகிறவர்கள் ஏமாறுவார்கள். ஒப்பந்தத்தில் எழுதிய லீவு நாட்கள் மட்டும்தான் உங்களுடையவை. மிச்ச நாட்களில் ஆங்கில முகாம் நடத்த வேண்டும், அதற்குப் பாடநூல் கிடையாது, எல்லாம் நீங்களே யோசிக்க வேண்டும். முகாமும் முடிந்தால் ஆள் இல்லாத பாடசாலையில் போய் இருந்துவிட்டு வர வேண்டும். வெளிநாட்டு ஆசிரியர்கள் இதை டெஸ்க் வோர்மிங் என்று சொல்லிப் புலம்புவார்கள். நான் இதைப் பெரிய குறையாக எண்ணவில்லை. சம்பளத்தோடு கொரிய மொழி படிக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. தொலைதூரக் கல்வியில் முதுகலை முடித்தவர்களும் இருக்கிறார்கள்.

இனித் தனியார் நிலையம். ஹக்வொன் என்பார்கள். யாழ்ப்பாணத்து ரியூட்டரியை அறிந்த உங்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. பாடசாலை விட்ட பிறகு பிள்ளை போகிற இடம். ஆகவே உங்கள் நாள் மதியம் ஒரு மணி, இரண்டு மணிக்குத் தொடங்கி இரவு ஒன்பது, பத்துக்கு முடியும். சியோலில் இரவு 10 மணிக்கு மேல் வகுப்பு நடத்தக் கூடாது என்று மாநகர விதி இருக்கிறது. அது செல்லும் என்று 2009இல் அரசியலமைப்பு நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பிள்ளைகளின் நித்திரைக்காகப் போட்ட விதி, ஆசிரியரையும் காப்பாற்றுகிறது. வகுப்பு முடிந்து வெளியே வரும்போது ரொறன்ரோவில் காலை எட்டு, ஒன்பது மணி. வீட்டுக்கு அழைத்துக் கதைக்க வசதிதான், ஆனால் அம்மாமார் அந்த நேரம் வேலைக்குப் போகும் அவசரத்தில் இருப்பார்கள்.

இங்கே 30 மணி நேரம் என்று எழுதியிருந்தால் மிகவும் கவனமாக வாசிக்க வேண்டும். 30 பாடவேளையா, 30 கடிகார மணியா? 50 நிமிட வகுப்புகள் நடக்கிற நிலையத்தில் 30 பாடவேளை என்றால் 25 மணி நேரம். 30 கடிகார மணி என்றால் 36 வகுப்புகள். 40 நிமிட வகுப்பு என்றால் 45, அதாவது நாளுக்கு ஒன்பது வகுப்பு. இடையில் ஐந்து நிமிடம், அதில் தண்ணீர் குடித்து, அடுத்த அறைக்கு ஓடி, பலகையை அழிக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடங்கள் எந்தக் கணக்கிலும் வராது. நான் வேலை செய்த நிலையத்தில் இப்படித்தான் எண்ணினார்கள். பெயர் வேண்டாம், அங்கே மட்டும் நடக்கிற விஷயமும் இல்லை.

இன்னொரு எழுத்து முறை, மாதத்துக்கு 120 மணி நேரம் என்பது. 30ஐ நாலால் பெருக்கியதுதானே என்று தோன்றும். பாடசாலை விடுமுறை வந்தால் நிலையங்களில் காலையிலும் விசேட வகுப்புகள் தொடங்கிவிடும். இரண்டு வாரம் 38, 40 மணி நேரம் என்று போகும். அதே மாதத்தில் சொல்லால் என்ற கொரியப் புத்தாண்டுப் பெருநாள் வந்து மூன்று நாள் நிலையம் பூட்டியிருந்தால் மாத மொத்தம் 120ஐத் தாண்டாது. மேலதிகக் கொடுப்பனவும் வராது. வாரக் கணக்கு என்றால் வந்திருக்கும்.

வகுப்புக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதும் நிலையத்துக்கு நிலையம் மாறும். மாத இறுதி அறிக்கை, பெற்றோர் வந்து பார்க்கும் திறந்த வகுப்பு, பிள்ளையைத் தொலைபேசியில் அழைத்து ஆங்கிலத்தில் கதைக்க வைத்துப் பார்ப்பது. காலையில் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளுக்கு ஆங்கில மழலையர் வகுப்பும் மாலையில் பெரிய பிள்ளைகளுக்கு வகுப்பும் நடத்துகிற இடங்களும் உண்டு. தொண்டைக்கு அதைவிடக் கடினமான வேலை இல்லை.

எண்கள் எப்படி விதிகளின் ஓரத்தில் போய் நிற்கும் என்பதற்கு ஜப்பானில் நல்ல உதாரணம் இருக்கிறது. அங்கே பல ஆங்கில நிலையங்களின் ஒப்பந்தத்தில் வாரத்துக்கு 29.5 மணி நேரம் என்று இருக்கும். யாராவது அரை மணி நேரத்தைக் குறைத்து எழுதுவார்களா? முழுநேரம் 40 என்றால் அதில் முக்கால் பங்கு 30. அதைத் தொட்டால் ஊழியரைச் சுகாதாரக் காப்புறுதியிலும் ஓய்வூதியத்திலும் சேர்த்து, பாதிப் பணத்தை முதலாளி கட்ட வேண்டும். அந்த அரை மணி நேரத்தின் விலை அது. வகுப்புகளுக்கு இடையிலான நிமிடங்களைக் கணக்கில் எடுக்காமல் விட்டே பலர் 29.5க்குள் நின்றார்கள். அரசு பிறகு விதியை இறுக்கியது. 2016 ஒக்டோபரில் 500 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கு எல்லை 20 மணி நேரமாக இறங்கியது, 2022இல் 100 பேருக்கு மேல், 2024இல் 50 பேருக்கு மேல் என்று விரிந்தது. சின்ன நிலையங்கள் இன்னும் அதற்கு வெளியேதான்.

கொரியாவிலும் அப்படி ஒரு கோடு உண்டு. வாரத்துக்கு 15 மணி நேரம். அதற்குக் குறைந்தால் ஒரு வருட முடிவில் கிடைக்கும் ஒரு மாதச் சம்பளப் பணிக்கொடை கிடையாது. முழுநேர ஆசிரியரை அந்தக் கோட்டுக்குக் கீழே இறக்க முடியாது. அதனால் சில நிலையங்கள் வேறு வழி பிடிக்கின்றன. உங்களை ஊழியராகப் பதியாமல் சுயதொழில் செய்பவராகக் காட்டி, சம்பளத்தில் 3.3 வீதம் மட்டும் வரியாகக் கழிப்பார்கள். கையில் வருகிற பணம் கூடுகிறது என்று பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள். ஆனால் கொரிய ஓய்வூதிய நிதியில் கட்டிய பணத்தைக் கனடியர்கள் நாட்டை விட்டு வரும்போது மொத்தமாகத் திரும்பப் பெறலாம், முதலாளி கட்டிய பாதியும் சேர்த்து. 3.3இல் போகிறவருக்கு அந்தப் பாதி இல்லை. நேரத்தைக் கட்டுப்படுத்தும் தொழிற்சட்டமும் தனக்குப் பொருந்தும் என்று அவர் முதலில் நிரூபிக்க வேண்டும்.

"பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டு வேறு இடம் போகலாம்தானே" என்று ஓர் அப்பா என்னிடம் கேட்டார். ஈ-2 விசா அந்த முதலாளியோடு கட்டப்பட்டது. ஒப்பந்தம் முடிய முன் இடம் மாற அவருடைய விடுவிப்புக் கடிதம் வேண்டும். ஆகவே ஒன்பதாவது வகுப்புக்கு முடியாது என்று சொல்லும் துணிவு ரொறன்ரோவில் இருக்கும்போது இருக்கும், அங்கே போனதும் இராது. பேரம் பேச வேண்டிய நேரம் விமானம் ஏற முன்னர்தான்.

என்ன கேட்பது? எத்தனை மணி நேரம் என்று கேட்காதீர்கள். இப்போது அந்த இடத்தில் இருக்கும் ஆசிரியரின் போன வார நேரசூசியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்த்தால் முதல் வகுப்பு எத்தனை மணிக்கு, கடைசி எத்தனைக்கு, இடையில் சாப்பிட நேரம் இருக்கிறதா, எத்தனை விதமான புத்தகம் என்று எல்லாம் தெரிந்துவிடும். பிறகு அந்த ஆசிரியரோடு, நிர்வாகி பக்கத்தில் இல்லாத நேரத்தில், தொலைபேசியில் கதையுங்கள்.

"நேரசூசி இங்கே வந்த பிறகுதான் தெரியும்" என்று பதில் வரலாம். எபிக் அப்படிச் சொன்னால் சந்தேகப்படத் தேவையில்லை. எந்தப் பாடசாலை என்பதே கடைசி நேரத்தில்தான் முடிவாகும். ஒப்பந்தமும் முன்கூட்டியே வாசிக்கக் கிடைக்கிற பொதுவான படிவம். அங்கே நீங்கள் செய்யக் கூடியது, ஆரம்பப் பாடசாலையா உயர்நிலையா, நகரமா நாட்டுப்புறமா என்று விருப்பத்தை யோசித்து எழுதுவதுதான். ஆனால் ஹக்வொன் ஒன்று அதே பதிலைச் சொன்னால், அங்கிருந்து ஓர் ஆள் போவதால்தானே உங்களை எடுக்கிறார்கள், அவருடைய நேரசூசி சுவரில் ஒட்டியிருக்கும். அதைக் காட்ட மாட்டோம் என்றால் வேறு நிலையம் பாருங்கள். கொரியாவில் நிலையங்களுக்குப் பஞ்சம் இல்லை.

வாய்ப்புத் தந்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.