வேலியிலே ஒரு பொட்டு

மாணவச் செல்வங்களே, பெற்றோர்களே, வணக்கம்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் எழுத உட்கார்ந்தால் என் அம்மா ஒன்றையே சொல்வார்: "வழியில் யாரோ பிரித்துப் படிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு எழுது." கிளாலிக் கடலால் படகில் போகிறவர் கையில் கொடுத்தனுப்பினாலும் அதே எச்சரிக்கைதான். அதனால் சொல்ல வேண்டியதை நாங்கள் எழுதவேயில்லை. இன்று அதே அம்மா ரொறன்ரோவில் இருக்கும் மகளிடம் வாட்ஸ்அப்பில் மனம்விட்டு அழுகிறார். நடுவில் நிற்பவருக்குக் கேட்காதபடி அந்தப் பேச்சைப் பூட்டும் முறையை வகுத்தவர்களில் ஒருவரைப் பற்றிப் பேசவே வந்தேன். மொக்ஸி மார்லின்ஸ்பைக் என்பது அவர் தமக்கு வைத்துக்கொண்ட பெயர். அமெரிக்கர், பாய்மரப் படகோட்டியும்கூட.

பூட்டுகளின் குறையைக் காட்டித்தான் அவர் முதலில் பெயர் எடுத்தார். 2009 பெப்ரவரியில், வொஷிங்டனுக்கு அருகே நடந்த பிளாக் ஹாட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் 'எஸ்எஸ்எல்ஸ்ட்ரிப்' என்ற சிறிய மென்பொருளை இயக்கிக் காட்டினார். வங்கியின் முகவரியை அடிக்கும்போது முன்னால், பூட்டுள்ள வழியைக் குறிக்கும் 'எச்டிடிபிஎஸ்' என்பதை நாம் அடிப்பதில்லை. அந்த நாளில் உலாவி முதலில் பூட்டில்லாத வழியால் போகும். வங்கி அதைப் பூட்டுள்ள வழிக்குத் திருப்பிவிடும். அந்தத் திருப்பத்தில் ஒருவன் நின்றால், வங்கியோடு பூட்டுள்ள வழியில் பேசிக்கொண்டே நம்மைப் பூட்டில்லாத வழியில் வைத்திருப்பான். பூட்டின் கணிதம் உடையவில்லை. படலை இறுக்கப் பூட்டியிருக்க, வேலிப் பொட்டால் வளவுக்குள் வந்துவிட்டான். "என்னிடம் பூட்டுள்ள வழியால் மட்டுமே வா" என்று உலாவிக்குச் சொல்லிவைக்கும் ஒழுங்கு 2012இல் இணைய நியமமாயிற்று.

அதே ஆண்டு டெஃப்கொன் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் டேவிட் ஹல்டன் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து, கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் மைக்ரோசொப்டின் எம்எஸ்-சாப் முறையின் இரண்டாம் பதிப்பை எடுத்தார். கடவுச்சொல்லிலிருந்து பிறக்கும் 16 பைட் இரகசியத்தை அந்த முறை 7, 7, 2 என்று வெட்டி மூன்று திறப்புகளாகப் பாவிக்கிறது. இரண்டே பைட் உள்ள கடைசித் துண்டுக்கு 65,536 ஊகங்கள் போதும். மற்ற இரண்டும் ஒரே செய்தியைப் பூட்டுவதால் ஒரே தேடலில் அகப்படும். எத்தனை நீளமான கடவுச்சொல்லானாலும் மிஞ்சுவது ஒரு 7 பைட் துண்டின் 56 பிட் பலம்தான். அதற்கென அமைத்த கருவி ஒரு நாளுக்குள் திறந்துவிடும்.

இங்கே பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஒரு நிறுவனத்தின் இணையத்தளத்தில் அடுத்தவர்களின் விவரங்கள் தெரிகின்றன என்று என் மாணவி ஒருத்தி அவர்களுக்கே எழுதினாள். நன்றி வரவில்லை. "நீ ஏன் அங்கே பார்த்தாய்?" என்ற கேள்விதான் வந்தது. வீட்டிலும் அதையே கேட்டார்கள். ஆறு மாதம் அவள் கணினியைத் தொடவில்லை. அது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

மொக்ஸி காட்டியதோடு நிற்கவில்லை, வேலியும் அடைத்தார். 2010இல் தொடங்கிய அவரது விஸ்பர் சிஸ்டம்ஸ் நிறுவனத்தை மறு ஆண்டே டுவிட்டர் வாங்கியது. 2013இல் மீண்டும் தொடங்கி, ட்ரெவர் பெரின் என்பவரோடு சேர்ந்து, செய்திகளைப் பூட்டும் சிக்னல் நெறிமுறையை வகுத்தார். ஒவ்வொரு செய்திக்கும் புதுத் திறப்பு, பாவித்ததும் அழிந்துவிடும். இன்றைய திறப்பு பிறர் கையில் அகப்பட்டாலும் நேற்றைய செய்தி திறக்காது. 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் அதை முழுமையாக ஏற்றபோது, நூறு கோடிக்கும் மேற்பட்டோரின் பேச்சு அந்தப் பூட்டுக்குள் வந்தது. என் அம்மாவின் பேச்சும்தான்.

அந்த மாணவி மறுபடி கணினியைத் திறந்துவிட்டாள். மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். கண்ட குறையை எப்படி, யாரிடம் அறிவிப்பது என்று அடுத்ததாக அவளே பேசுவாள். வா பிள்ளை.