சீன மாணவர் எழுதாத வாக்கியம்

வணக்கம், நேயர்களே. சீனாவிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்தவர்களுக்கு நான் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். அவர்கள் ஆங்கில வாக்கியம் அமைக்கும்போது எங்கே தடுக்குகிறது, ஏன் தடுக்குகிறது என்று இன்றைக்குச் சொல்கிறேன்.

தொடக்கம் சுலபம்தான். எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசை இரண்டு மொழிக்கும் பொது. 'வோ ஹெ சா' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினாலே 'ஐ டிரிங்க் டீ' வந்துவிடும். வினையைக் கடைசியில் வைப்பது நாம்தான்.

சிக்கல் வினைச்சொல்லில் ஆரம்பிக்கிறது. சீன வினை காலத்துக்கு ஏற்ப உருமாறாது. நேற்றுப் போனாலும் நாளைக்குப் போனாலும் ஒரே சொல். எப்போது என்பதை 'நேற்று', 'நாளை' போன்ற சொற்கள் சொல்லிவிடும். செயல் முடிந்துவிட்டது என்று காட்ட 'லெ' என்ற சிறு அசை சேரும். ஆகவே ஒருவர் 'யெஸ்டர்டே ஐ கோ டு மார்க்கெட்' என்று எழுதினால் அதைக் கவனக்குறைவு என்று கடிந்துகொள்வது அநியாயம். அதுதான் 'யெஸ்டர்டே' என்று சொல்லியாயிற்றே, வினை வேறு எதற்கு மாற வேண்டும்?

'ஐ வெரி ஹேப்பி' என்பதும் அப்படித்தான். 'வோ ஹென் காவ்சிங்' என்றால் சீனத்தில் அது முழு வாக்கியம். 'இஸ்', 'ஆர்' வகை வினைக்கு அங்கே வேலையில்லை. மழை பெய்தால் 'சியா யூ லெ' என்பார்கள், எழுவாயே இருக்காது. ஆங்கிலத்துக்கோ பொருளே இல்லாத ஓர் 'இட்' வேண்டும்: 'இட் இஸ் ரெய்னிங்'. அதனால் என் கரும்பலகையில் எப்போதும் ஒரு விதி இருக்கும்: ஏவலைத் தவிர எந்த வாக்கியமானாலும் ஓர் எழுவாய் வேண்டும், காலம் காட்டும் ஒரு வினை வேண்டும்.

இந்தப் பிழைகளெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. சிவப்பு மை பட்டுப் பட்டுக் குறைந்துவிடும். எனக்குக் கவலை தருவது வேறொன்று.

'நேற்று நான் வாங்கிய புத்தகம்' என்கிறோம். வருணனை முன்னே, பெயர் பின்னே. சீனமும் இதே வழிதான்: 'வோ ச்சுவோதியன் மாய் தெ ஷூ'. ஆங்கிலம் இதைத் தலைகீழாக்குகிறது. 'த புக்' என்று முதலில் சொல்லிவிட்டு, 'தட் ஐ பாட் யெஸ்டர்டே' என்று பின்னால் இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

1974இல் ஜாக்குலின் ஷாக்டர் என்ற மொழியியலாளர், பல மொழி மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளை இந்த அமைப்புக்காக ஒப்பிட்டுப் பார்த்தார். பாரசீகம், அரபு பேசுபவர்களைவிடச் சீனர்களும் ஜப்பானியர்களும் இதில் குறைவாகவே பிழை செய்திருந்தார்கள். கெட்டிக்காரர்கள் என்றுதானே தோன்றும்? ஆனால் அவர்கள் அந்த அமைப்பையே மிகக் குறைவாகத்தான் எழுதியிருந்தார்கள். கடினம் என்று தெரிந்து ஒதுங்கிப் போயிருக்கிறார்கள். பாரசீகத்திலும் அரபியிலும் வருணனை பெயருக்குப் பின்னால்தான் வரும். அதனால் அவர்கள் துணிந்து எழுதினார்கள், பிழையும் விட்டார்கள்.

என் வகுப்பிலும் இதையே பார்க்கிறேன். 'ஐ பாட் எ புக். த புக் இஸ் குட்.' குட்டிக் குட்டி வாக்கியங்கள், ஒரு தப்பும் இருக்காது. முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அலுவலகத்தில் ஒரு மின்னஞ்சல் எழுத இந்த ஆங்கிலம் போதாது.

அதனால் இரண்டு வாக்கியங்களைக் கொடுத்து ஒன்றாக்கச் சொல்கிறேன். முதலில் பெயரை எழுது, அப்புறம் 'ஹூ' அல்லது 'தட்' போடு, பிறகு வருணனை. இந்தப் பயிற்சியில் தப்புக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. குறைத்தால் மறுபடியும் குட்டி வாக்கியத்துக்கே ஓடிவிடுவார்கள்.

சீன மாணவர்களுக்குச் சொல்லித்தரும் ஆசிரியர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கட்டுரை திருத்தும்போது பிழைகளை எண்ணுவதற்கு முன்னால், 'ஹூ', 'விச்', 'தட்' வைத்து இணைத்த வாக்கியங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுகூட இல்லையென்றால், அடுத்த பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.