காபூஸ்: கோபுரம் கட்டியவரும் குளிரில் செத்தவரும்

எல்லோருக்கும் வணக்கம். ஈரானின் வடகிழக்கில், காஸ்பியன் கடலுக்குக் கிழக்கே, கொன்பத்-எ-காபூஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. நடுவில் நிற்கும் செங்கல் கோபுரத்தால் வந்த பெயர் அது. 53 மீட்டர் உயரம், தலையில் கூம்பு, உடம்பைச் சுற்றிப் பத்துக் கூர் விளிம்புகள். வண்ண ஓடு, பூவேலை எதுவும் கிடையாது. இரண்டு வரிசை எழுத்து மட்டும்தான். அமீர் காபூஸ் தன் வாழ்நாளிலேயே தனக்குக் கல்லறையாகக் கட்டச் சொன்னது, இஸ்லாமியச் சந்திர ஆண்டு 397, பாரசீகச் சூரிய ஆண்டு 375 என்று இரண்டு கணக்கிலும் தேதி போட்டிருக்கிறார், மனிதருக்கு அவ்வளவு கவனம். நம் கணக்கில் 1006-07.

யார் இவர்? இந்தப் பகுதியான குர்கானை ஆண்ட ஸியாரித் வம்சத்து அரசர். பக்கத்து புவய்ஹித் வம்சத்து இளவரசர் ஃபக்ருத் தவ்லா தன் அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு இவரிடம் அடைக்கலம் கேட்டு வந்தபோது, காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று சொன்னார், அதற்கு விலையாக 981-இல் நாட்டையே இழந்து சுமார் 17 ஆண்டுகள் கிழக்கே குராசானில் கிடந்தார், பிறகுதான் நாடு திரும்பக் கைக்கு வந்தது. அந்த இளவரசர் இடையில் பதவிக்கு வந்தும் குர்கானைத் திருப்பித் தரவில்லை! சரி, அரசியல்.

காபூஸின் கையெழுத்தைப் பார்த்து "இது காபூஸின் எழுத்தா, தாவூஸின் (மயிலின்) சிறகா" என்று ஓர் அமைச்சர் வியந்தாராம். பேரறிஞர் அல்-பிரூனி தன் காலக்கணக்கு நூலை இவருக்குத்தான் காணிக்கையாக்கினார். இவரை நம்பித்தான் மருத்துவ மேதை இப்னு சீனாவும் பாலைவனம் கடந்து குர்கானுக்கு நடையைக் கட்டினார்.

ஆனால் இப்னு சீனா போய்ச் சேர்வதற்குள் கதை முடிந்துவிட்டது. காபூஸ் சின்னத் தப்புக்கும் தலையை எடுத்துவிடுவார், இன்று யார் முறையோ என்று படைத்தலைவர்களுக்குத் தூக்கமே கிடையாது. கடைசியில் அவர்களே சேர்ந்து அவரை இறக்கிவிட்டு மகன் மனூச்சிஹ்ரை உட்காரவைத்தார்கள். 1012-இல், கோட்டைச் சிறையில், போர்த்திக்கொள்ளத் துணியில்லாமல் குளிரிலேயே இறந்துபோனார் என்கிறார்கள். கோபுரத்துக்குள் தோண்டிப் பார்த்தவர்களுக்கு உடல் கிடைக்கவில்லை.

தாத்தாவைப் பற்றி நாமெல்லாம் எப்படி எழுதுவோம் என்று தெரியும்தானே? இவருடைய பேரன் கைகாவூஸ் 1082 வாக்கில் தன் மகனுக்கு அறிவுரையாக எழுதிய 'காபூஸ்நாமா'வில், அப்பா வழித் தாத்தா இரத்தவெறி கொண்டவர், யாரையும் மன்னிக்கத் தெரியாதவர், அதனால்தான் படையே திரும்பியது என்று பச்சையாகவே எழுதிவைத்திருக்கிறார்.