ஆட்டோகிராஃப் நோட்டு ஏன் மார்ச் வரை காத்திருக்க வேண்டும்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தொலைக்காட்சித் தொடரைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

‘வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக்குவது விளையாட்டு மைதானமா, சொந்தக் கதை எழுதும் நோட்டா?’ என்பது தலைப்பு. நான் நோட்டுக் கட்சி. எனக்கு முன்னால் பேசிய உடற்கல்வி ஆசிரியர் கபடிப் பாட்டோடு வந்து உங்களையெல்லாம் தொட்டுவிட்டுத் திரும்பினார். அழகாகத்தான் பேசினார். ஆனால் மைதானத்தில் முதலில் நடப்பது என்ன? சாட் பூட் த்ரீ! ஆள் பிரிப்பது! ஒன்றாக்கப் போன இடத்தில் முதல் வேலையே இரண்டாக்குவதுதான். அதிலும் இரண்டு கட்சிக்கும் வேண்டாத பிள்ளையாக, கடைசிவரை தன் காலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு பிள்ளை உண்டே, அது நான்தான். எனவே மைதானத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் சொந்தப் பகை இருக்கிறது. அதை நடுவரிடம் மறைக்க விரும்பவில்லை.

“எழுதச் சொன்னாலே பிள்ளைகள் ஓடுகிறார்கள்” என்றார் எதிரணித் தலைவர். ஓடாமல் என்ன செய்வார்கள்? ‘பசு’ என்று கட்டுரை கொடுக்கிறோம். 42 நோட்டு திருத்துகிறேன், 42லும் ஒரே பசு. நான்கு கால், இரண்டு கொம்பு, பால் தரும். வீட்டில் மாடு வளர்க்கும் பையனும் அதே பசுவைத்தான் எழுதியிருக்கிறான். அவன் வீட்டு மாடு முட்டும் என்பதும், அதை விற்ற அன்று அவன் பாட்டி சாப்பிடவில்லை என்பதும் நோட்டில் இல்லை. நான் எழுத்து என்று சொல்வது அந்தப் பாட்டியை.

ஐயா, செலஸ்தேன் ஃபிரெனே என்று ஒரு பிரெஞ்சு ஆசிரியர். முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டடி பட்டவர். தொண்டை கிழியப் பாடம் நடத்த அவரால் முடியாது. (நம்மில் பலருக்கு நுரையீரல் நன்றாக இருப்பதுதான் பிள்ளைகளுக்குத் தொல்லை.) 1920இல் தெற்கு பிரான்சில் ஒரு மலைக் கிராமப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். ஒருநாள் பிள்ளைகள் நத்தைகளைக் கொண்டுவந்து வகுப்பிலேயே ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். நாமாக இருந்தால் நத்தை வெளியே, பையன் முட்டியில். அவரோ பிள்ளைகள் சொல்லச் சொல்ல அந்தப் பந்தயத்தைக் கரும்பலகையில் எழுதினார். பிறகு ஒரு சிறிய கை அச்சு இயந்திரத்தை வகுப்புக்கே வாங்கி வந்தார். பிள்ளைகளே எழுதினார்கள், பிள்ளைகளே அச்சுக் கோத்தார்கள்.

சிவகாசிப் பக்கத்திலிருந்து வரும் எனக்கு அச்சுக் கோப்பது என்றால் என்னவென்று தெரியும். ஒருவன் எழுதியதை இன்னொருவன் கோக்க வேண்டுமானால் மேலோட்டமாகப் படிக்க முடியாது. ஒவ்வோர் எழுத்தாகக் கையில் எடுத்து வைக்க வேண்டும். ஒருவன் மை தடவ வேண்டும், ஒருவன் தாள் வைக்க வேண்டும். ஒரு பையனின் வீட்டுக் கதை நான்கு பேர் கை பட்டுத்தான் தாளில் ஏறுகிறது. 1926இல் அந்த மலைப் பிள்ளைகள், நாட்டின் மறுகோடியில் பிரிட்டனி கடற்கரைப் பள்ளிப் பிள்ளைகளோடு தங்கள் தாள்களைப் பரிமாறிக்கொள்ளத் தொடங்கினார்கள். பார்த்தே இராத பிள்ளைகள்! இவர்கள் ஆள் பிரித்திருந்தால் எந்த மைதானத்தில் பிரித்திருக்க முடியும்?

என் வகுப்புக்கு வருகிறேன். எங்களிடம் இயந்திரம் இல்லை. திங்கட்கிழமை முதல் பாடவேளையில் பத்து நிமிடம், அவ்வளவுதான். ஒருநாள் ‘வீட்டுக்கு யாராவது திரும்பி வரும் நேரம்’ என்று எழுதச் சொன்னேன். சன்னலோரப் பெஞ்சுப் பையன் எழுதியிருந்தான்: ‘அம்மா கை கழுவும் தண்ணீர் வெள்ளிபோல் மின்னும். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக் கண்ணில் நிற்கும்.’ பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அலுமினியத் தூள் அது. அவன் சம்மதத்தோடு வாசித்தேன். கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருவன், “தேங்காய் எண்ணெய் தடவினால் போகும்” என்றான். வேறு தெரு. எந்த வகையில் வேறு என்று உங்களுக்கே தெரியும். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே அறையில் இருந்தும் பேசிக்கொள்ளாதவர்கள். அவன் அம்மாவும் அதே ஆலை.

அன்றே இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று சொன்னால் நீங்கள் கை தட்டுவீர்கள். நடக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒருவனிடம் இன்னொருவன் ஸ்கேல் கடன் கேட்டான். நான் பார்த்தது அவ்வளவுதான்.

“ஒன்றாக விளையாடினால் சாதி மறைந்துவிடும்” என்றார்கள் எதிரணியில். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் வேற்று ஊர்க்காரர்கள் அல்லர், அவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள். நோட்டு இருந்திருந்தால் அது நடந்திராது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அது பொய். அதன் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்று 2024இல் பரிந்துரைத்தது. சரியான பரிந்துரைதான். ஆனால் கயிற்றை அவிழ்த்த பிறகு, அந்தக் கை யாருடைய கை என்று பக்கத்துப் பெஞ்சுக்கு யார் சொல்வது?

இனி எதிரணியின் வலுவான கேள்வி. “பிள்ளையின் அந்தரங்கத்தைக் கிளற உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?” நியாயமான கேள்வி. பதிலும் நான் அடி வாங்கிக் கற்றதுதான். தொடக்கத்தில் ஒரு மாணவியின் பக்கத்தைக் கேட்காமல் உரக்க வாசித்துவிட்டேன். அவள் பதினைந்து நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தவறு முழுக்க என்னுடையது. அதன் பிறகு ஒரு விதி வைத்தோம்: மடித்த பக்கத்தை நானும் பிரிக்க மாட்டேன். மதிப்பெண் இல்லை, சிவப்பு மை இல்லை. துன்பத்தைத்தான் எழுத வேண்டும் என்பதும் இல்லை. ஒருவன் மூன்று வாரமாகப் புரோட்டாவைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறான். இன்னொன்று, நானும் எழுதுகிறேன். அந்தச் சாட் பூட் த்ரீ கதை முதலில் அவர்களுக்குத்தான் தெரியும். மறுநாள் பெண்கள் எறிபந்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். உடற்கல்வி ஆசிரியர் குறித்துக்கொள்ளவும், எனக்கு மைதானத்துக்கு வழி காட்டியதும் நோட்டுதான்.

நடுவர் அவர்களே, மணி அடிக்கக் கை நீட்டுகிறீர்கள். தொடக்க உரையில் நீங்களே சொன்னீர்கள், பன்னிரண்டாம் வகுப்பு ஆட்டோகிராஃப் நோட்டு இன்னும் உங்கள் பீரோவில் இருக்கிறது என்று. அதில் உங்களோடு ஏழு வருடம் படித்தவர், ‘நீ இவ்வளவு நல்லவன் என்று எனக்குத் தெரியாது’ என்று எழுதியிருந்ததாகச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தீர்கள். பள்ளியின் கடைசி நாளில் எழுதினார், பாவம். அந்த நோட்டை ஜூன் மாதத்திலேயே கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். தீர்ப்பு சொல்வதற்கு முன் அவருக்கு ஒரு வரி எழுதிவிட்டுச் சொல்லுங்கள். நன்றி.