முன்சில்லுப் பக்கம் ஒரு சத்தம்

வணக்கம். வாகனம் திருத்துகிறவனைப் பேசக் கூப்பிட்டால் எஞ்சினைப் பற்றித்தான் சொல்வான் என்று நினைத்திருப்பீர்கள். எஞ்சின் பழுதானால் வான் நடுவழியில் நின்றுவிடும், அவ்வளவுதான். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆளைக் கவிழ்க்கக்கூடிய ஒரு சின்னச் சாமான் முன்சில்லுக்குப் பின்னால் இருக்கிறது. அதன் பெயர் போல் ஜொயின்ற்.

எங்கள் தொடை எலும்பின் தலை உருண்டையாக இடுப்புக் குழிக்குள் இருக்கிறதல்லவா, அதே வேலைதான் இதற்கும். கிண்ணம் போன்ற ஒரு கூட்டுக்குள் இரும்புக் குண்டு ஒன்று. குண்டோடு சேர்ந்த தண்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். சில்லு மேலும் கீழும் ஏறி இறங்கவும் வேண்டும், இடம் வலம் திரும்பவும் வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய விடுவது இந்தக் குண்டுதான். அதற்குக் காவல் ஒரு மெல்லிய றபர் உறை மட்டுமே. உறை கிழிந்தால் கிறீஸ் வெளியேறும், மணலும் தண்ணீரும் உள்ளே போகும். குண்டு தேய்ந்து ‘டொக் டொக்’ என்று சத்தம் போடும், கவனிக்காமல் விட்டால் ஒருநாள் கூட்டை விட்டே கழன்றுவிடும். யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் நாளாந்தம் போய்வருகிற வான்களைப் பாருங்கள். உப்புக் காற்று ஒரு பக்கம், வெயிலில் வெடித்த றபர் மறுபக்கம். மாரி முடிந்து தை பிறந்ததும் இந்தச் சத்தத்தோடு வருகிறவர்கள்தான் என் கராஜில் அதிகம்.

2020இல் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. 2025இல் திறந்த பிறகும் புது வானின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஆகவே டொல்பின் என்று நாங்கள் சொல்கிற பழைய ஹையேஸ் வான்தான் இன்றும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிறது, கலியாண வீட்டுக்கும் போகிறது. வருடத்துக்கு ஒருமுறை புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகிறோம். அங்கே பார்ப்பது புகையை. சில்லுக்குப் பின்னால் நாங்களேதான் குனிந்து பார்க்க வேண்டும்.

“அண்ணை, பள்ளத்திலை விழேக்கை டொக் டொக் எண்டு சத்தம் வருது” என்று போன மாதம் ஒரு தம்பி வந்தார். முன் ரயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து நூல் தெரிந்தது. ஜக் அடித்துச் சில்லைத் தூக்கினேன். எந்த இடத்தில் ஜக் வைப்பது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டோர்சன் பார் என்கிற முறுக்குக் கம்பியோ ஸ்பிறிங்கோ கீழ் ஆமில், அதாவது சில்லைச் சட்டகத்தோடு இணைக்கிற கீழ்க் கையில், பாரத்தைக் கொடுக்கிற வான் என்றால் அந்த ஆமுக்குக் கீழேயே, சில்லுக்குக் கிட்ட வைக்க வேண்டும். சட்டகத்தில் வைத்துத் தூக்கினால் ஆம் கீழே இழுபட்டு, ஜொயின்ற் இறுகி நிற்கும். தேய்ந்துபோன ஜொயின்றும் நல்லதுபோலவே தெரியும்.

பிறகு ரயருக்குக் கீழே அலவாங்கைக் கொடுத்து மெல்ல நெம்ப வேண்டும். ஒருவர் நெம்ப, இன்னொருவர் ஜொயின்றைப் பார்க்க வேண்டும். சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினாலும் ஆட்டம் தெரியும், ஆனால் அது பெயரிங் ஆட்டமாகவும் இருக்கலாம். அப்போது ஒருவரை உள்ளே ஏறி பிறேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பெயரிங். நிற்காவிட்டால் ஜொயின்ற் பக்கம் பாருங்கள். தம்பியின் வானில் நிற்கவில்லை.

இனிக் கழற்றுகிற கதை. புதிதைப் பூட்ட அரை மணித்தியாலம் போதும், பழையதைக் கழற்றத்தான் பின்னேரமாகிவிடும். கூம்பு வடிவத் தண்டு நக்கிளின், அதாவது சில்லைத் தாங்கித் திருப்புகிற இரும்பின், துளைக்குள் இறுகிப் பிடித்திருக்கும். சிலர் தண்டின் நுனியிலேயே சுத்தியலால் அடிப்பார்கள். மரை நசுங்கும், தண்டு அசையாது. அடிக்க வேண்டியது துளையைச் சுற்றியுள்ள இரும்பின் பக்கவாட்டில். ஒரு பக்கம் பாரமான சுத்தியலை அணைத்துப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் இன்னொன்றால் ஓங்கி அடித்தால் துளை ஒரு கணம் நெளிந்து கொடுக்கும். ‘டப்’ என்று விடுபடும். அந்தச் சத்தத்தைக் கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

ஆனால் அடிக்க முன்னர் நட்டை முழுதாகக் கழற்றிவிடாதீர்கள். நாலைந்து மரையில் நிற்கட்டும், ஆமுக்குக் கீழே ஜக்கும் இருக்கட்டும். வேலை பழகிய காலத்தில் அவசரப்பட்டு நான் நட்டைக் கழற்றி நிலத்தில் வைத்துவிட்டு அடித்தேன். டோர்சன் பார் முறுக்கி வைத்திருந்த பலம் முழுவதும் ஆமோடு கீழே இறங்கியது. இடது பெருவிரல் நகம் இன்றைக்கும் கோணல்தான். இன்னொன்று, வானுக்குக் கீழே சீமெந்துக் கல்லை முண்டு கொடுக்காதீர்கள், அது சொல்லாமல் வெடிக்கும். ஸ்ராண்ட் இல்லாவிட்டால் நல்ல பனங்குற்றி எவ்வளவோ மேல்.

புதியதைப் பூட்டும்போது கூம்பையும் துளையையும் துணியால் துடைத்து உலர்வாக வையுங்கள். அதில் கிறீஸ் பூசுகிற பழக்கம் பிழை. உலர்ந்த பிடிதான் அதன் பலம். நட்டை அந்த வானுக்குச் சொன்ன அளவுக்கு முறுக்கிய பிறகு, நட்டு கழலாமல் குறுக்கே போடுகிற ஸ்பிளிட் பின்னின் துளை நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்குங்கள், தளர்த்தி நேராக்கக் கூடாது. அந்த ஸ்பிளிட் பின்னும் புதிதாக இருக்கட்டும். பழைய குண்டைக் கூட்டோடு அமுக்கி, உள்ளே பிளாஸ்ரிக் ஊற்றிப் புதுப்பித்துத் தருகிறோம் என்பவர்களிடம் நான் கொடுப்பதில்லை. மலிவுதான். வானின் முன்பக்கப் பாரம் தொங்குகிற இடத்தில் மலிவு எதற்கு?

பழைய மொறிஸ் மைனர் ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. அதில் இந்தக் குண்டு இல்லை, மரை வெட்டிய தண்டில் சில்லு திரும்பும். கிறீஸ் அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் சில்லு உள்ளே மடிந்து கார் றோட்டில் படுத்துவிடும். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலத்தில் கிறீஸ் ஒரு கரண்டி கிடைத்தாலும் முதலில் அங்கேதான் போகும்.

தம்பியின் வானுக்கு இரண்டு பக்கமும் மாற்றி, அலைன்மென்றும் பார்த்து அனுப்பினேன். மூன்றாம் நாள் திரும்பவும் வந்து நின்றார்.

“என்ன தம்பி, சத்தம் போகேல்லையோ?”

“அது போட்டுது அண்ணை. இப்ப பின்கதவிலை ஒரு சத்தம் கேக்குது.”

கதவின் றபர் எப்போதோ உக்கிப்போயிருந்தது. டொக் டொக் இருந்தவரைக்கும் அது அவர் காதில் விழவே இல்லை.