சாரம் கட்டிய துளைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

இரண்டு கோடைக்கு முன்னால் என் அம்மா மான்செஸ்டருக்கு வந்து என்னோடு மூன்று மாதம் தங்கியிருந்தார். அப்போது ஒரு சனிக்கிழமை, வடக்கு வேல்ஸில் இருக்கும் கான்வி கோட்டைக்கு அவரைக் கூட்டிப்போனேன். அந்த ஒருநாள் பயணத்தைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

செஸ்டர் தாண்டியதும் ரயில் கடலை ஒட்டியே ஓடும். பெட்டியில் அறிவிப்பு முதலில் வேல்ஸ் மொழியில் வரும், அப்புறம்தான் ஆங்கிலம். “இது என்ன பாஷை தம்பி?” என்று அம்மா கேட்டார். “இந்த ஊர்க்காரங்க பாஷைம்மா” என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு அறிவிப்புக்கும் பேச்சை நிறுத்திவிட்டுக் காதுகொடுத்தார்.

ஆற்றைக் கடப்பதற்கு முன்பே கோட்டை தெரிந்துவிடுகிறது. பாறை மேல் எட்டு வட்டக் கோபுரங்கள். இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட், வேல்ஸை வென்ற கையோடு 1283-இல் தொடங்கி, நாலைந்து ஆண்டுகளில் முடித்த கோட்டை இது. கோட்டையும் ஊர் மதிலுமாக அன்றைய கணக்கில் 15,000 பவுண்டு செலவு. அந்த இடத்தில் அதற்கு முன்னால் ஒரு துறவி மடம் இருந்தது. வேல்ஸின் பெரும் அரசரான லூவெலின் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருந்தார். எட்வர்ட் அந்த மடத்தையே கிளப்பி, ஆற்றோட்டத்துக்கு எதிர்த்திசையில் சில மைல் தள்ளி அனுப்பிவிட்டார். மதிலுக்குள் குடியேற ஆங்கிலேயர்களை வரவழைத்தார். மண்ணின் மக்கள் மதிலுக்கு வெளியே.

இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டு போயிருந்தேன். அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டேதான் உள்ளே நுழைந்தேன். அவர் முதலில் கேட்டது ஒன்றே ஒன்று. “தண்ணிக்கு என்ன பண்ணாங்க?”

உள்முற்றத்து வாசலுக்கு முன்னால் கிணறு இருக்கிறது. பாறையைக் குடைந்து 91 அடி ஆழத்துக்கு இறக்கியிருக்கிறார்கள். அம்மா எட்டிப் பார்த்து, “பாறையில கிணறு வெட்டறது லேசுப்பட்ட வேலை இல்ல” என்றார். 1295 குளிர்காலத்தில் வேல்ஸ் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது எட்வர்டே இந்தக் கோட்டைக்குள் மாட்டிக்கொண்டார். கையிருப்பு கரைந்துகொண்டே வர, தனக்கென்று இருந்த திராட்சை மதுவைத் தான் குடிக்காமல் வீரர்களுக்குப் பங்கிடச் சொன்னார் என்று அக்கால வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அரசர் மதுவைப் பங்கிட்டதை எழுதிவைத்தார்கள். கிணறு வெட்டியவரைப் பற்றி எந்தப் பலகையிலும் ஒரு வரி நான் பார்க்கவில்லை.

நேயர்களே, என் அப்பா கொத்தனார். அம்மா அவரோடு பதினெட்டு வருஷம் சித்தாளாக வேலை பார்த்தவர். தலையில் சும்மாடு வைத்து, கலவைச் சட்டி சுமந்து எங்களைப் படிக்கவைத்தவர். இதைச் சொல்லாவிட்டால் அடுத்து நடந்தது உங்களுக்கு விளங்காது.

முட்டிவலியால் அம்மா கோபுரம் ஏறவில்லை. நான் மட்டும் ஏறி, கடலையும் மலையையும் பார்த்துவிட்டு இறங்கி வந்தேன். அவர் ஒரு சுவரோரம் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். “இங்க வா தம்பி” என்று கூப்பிட்டு, சுவரில் இருந்த ஒரு சதுரத் துளைக்குள் கையை விட்டுக் காட்டினார். மணிக்கட்டுவரை உள்ளே போனது. “இது சாரம் கட்டின ஓட்டை. குறுக்குக் கட்டை சொருகுனது.” பிறகு விரலால் மேலே கோபுரத்தைத் தொடர்ந்து காட்டினார். அங்கே துளைகள் ஒரே மட்டத்தில் இல்லை. கோபுரத்தைச் சுற்றிச் சுற்றிச் சாய்வாக ஏறிப்போயின. “நேரா சாரம் கட்டி ஏணி வச்சிருந்தா சுமையோட ஏற முடியாது. பாதை மாதிரி சாய்ச்சுக் கட்டியிருக்காங்க பாரு. சுமந்து பார்த்த யாரோ சொல்லித்தான் இப்படிக் கட்டியிருப்பாங்க.”

அந்தத் துளைகளைப் பற்றி நான் ஏற்கனவே படித்திருக்கிறேன். இந்தச் சாய்வுச் சாரம் ஆல்ப்ஸ் மலைப் பக்கத்து சவாய் நாட்டு வழக்கம். அங்கிருந்து வந்த தலைமைக் கட்டுநர் ஜேம்ஸ், நாளொன்றுக்கு 3 ஷில்லிங் வாங்கினார் என்று அரசுக் கணக்கில் இருக்கிறது. ஆனால் அது சுமப்பவர்களின் கழுத்துக்காகச் செய்த ஏற்பாடு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இங்கிலாந்தின் பல மாவட்டங்களிலிருந்து ஆட்களை வலுக்கட்டாயமாகத் திரட்டி, செஸ்டரில் கூட்டி, அங்கிருந்து கட்டுமானங்களுக்கு அனுப்பினார்கள். வென்ற நாட்டின் ஏழைகள், தோற்ற நாட்டில் கல் சுமந்தார்கள். நானும் அந்தத் துளைக்குள் கையை விட்டேன். வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே கல் சில்லென்று இருந்தது. அடியில் கொஞ்சம் மணலும் காய்ந்த சருகும்.

இவ்வளவு பலமான கோட்டை 1401-இல் ஒரு புனித வெள்ளியன்று விழுந்தது. காவலர்களில் பெரும்பாலோர் ஜெபத்துக்குப் போயிருந்த நேரத்தில், தச்சர் வேஷத்தில் ஒருவர் வாசலில் வந்து நிற்க, வேலைக்கு வந்த ஆள்தானே என்று விட்டுவிட்டார்கள். அவர் பின்னாலேயே வேல்ஸ் கிளர்ச்சிக்காரர்களான டியூடர் சகோதரர்களின் ஆட்கள் புகுந்துவிட்டார்கள். அம்மாவுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்தது. “வேலைக்காரன் மூஞ்சிய எவன் பாக்கறான்?” என்றார்.

மத்தியானம் ஊருக்குள் நடந்து சதுக்கத்துக்கு வந்தோம். நடுவில் உயரமான தூண், அதன் உச்சியில் ஒரு சிலை. அதன் அருகே உட்கார்ந்து, கொண்டுவந்த புளிசாதத்தைப் பிரித்தோம். பக்கத்தில் இரண்டு சிறுமிகள் ஐஸ்கிரீமோடு வேல்ஸ் மொழியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“மேல நிக்கறது யாரு?” என்றார் அம்மா.

“லூவெலின். கோட்டை கட்டறதுக்காக மடத்தைக் கிளப்பினாங்கன்னு சொன்னேனே, அங்க அடக்கமாகியிருந்த ராஜா.”

அம்மா சாப்பிடுவதை நிறுத்தி, நெற்றியில் கைவைத்து வெயிலை மறைத்துக்கொண்டு சிலையைப் பார்த்தார். அப்புறம் சுற்றியிருந்த மதிலைப் பார்த்தார்.

“மதிலுக்கு உள்ளதான் இருக்காரு” என்றார்.