எல்லாம் வாயில்தான்

வணக்கம் நேயர்களே. வீட்டுக்கு ரெட்ரீவர் நாய்க்குட்டி வாங்க நினைப்பவர்கள் முதலில் நிறத்தைத்தான் விசாரிப்பார்கள். நான் வாயிலிருந்து தொடங்குகிறேன். வேட்டையில் சுட்டு வீழ்த்திய பறவையை, தண்ணீரில் விழுந்தாலும் நீந்திப் போய், பல் பதியாமல் கவ்விக்கொண்டு வருவதற்கென்றே உருவாக்கிய இனம் இது. லாப்ரடாருக்கும் அதுதான் வேலை. 1868-இல் ஸ்காட்லாந்தில், பின்னாளில் ட்வீட்மவுத் பிரபுவான மார்ஜோரிபேங்க்ஸ் வளர்த்த ஓர் ஈத்திலிருந்து கிளைத்து வந்த கோல்டன் ரெட்ரீவருக்கும் அதுதான் வேலை.

அதனால் செருப்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருகிற குட்டியைத் திருடன் என்று திட்டாதீர்கள். துரத்தவே துரத்தாதீர்கள். துரத்தினால் முதலில் அது விளையாட்டாகிவிடும். பிறகு, பிடுங்கிவிடுவார்கள் என்ற அவசரத்தில் கையில் சிக்குமுன் விழுங்கிவிடும். விழுங்கிய காலுறை குடலில் சிக்கினால் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

பண்டமாற்று செய்யுங்கள். மூக்குக்கு நேரே ஒரு தின்பண்டம். வாய் திறக்கிற அந்த நொடியில் 'விடு' என்று ஒரே ஒரு சொல். பண்டத்தைக் கொடுங்கள். வாயில் இருந்தது ஆபத்தில்லாத பொருளானால் அதையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பலர் கோட்டை விடுவது இந்தக் கடைசிப் படியில்தான். கொடுத்தால் பறிபோகாது என்று நாய்க்குத் தெரிந்துவிட்டால், பிறகு எதையும் தானாகவே கொண்டுவந்து கொடுக்கும். பொம்மையை வைத்து நாளுக்கு ஐந்தாறு முறை பழக்குங்கள்.

அதே வாயின் இன்னொரு பக்கம் தீனி. லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, பசியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவில் ஒரு துண்டு இல்லை என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-இல் கண்டறிந்தார்கள். அதற்கு ஒரு வேளைத் தீனிக்கும் மறுவேளைக்கும் நடுவிலேயே பசி எடுத்துவிடும். சாப்பாட்டு மேசைக்குக் கீழே இருந்து அது பார்க்கிற பார்வையைப் பட்டினி என்று நம்பிவிடாதீர்கள்! தீனியைக் குவளையால் அளக்காமல் தராசில் நிறுத்துப் போடுங்கள்.

அளவு சரியா என்று பார்க்க உங்கள் கையே போதும். வண்டி ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து பிறகு செய்யுங்கள். இடது கையை முஷ்டியாக மடக்கி, கணுக்களை வலது விரல் நுனியால் தடவுங்கள். மேடும் பள்ளமுமாக இருக்கிறதா? நாயின் விலா இப்படித் தட்டுப்பட்டால் அது மெலிந்திருக்கிறது. இப்போது கையை விரித்து, புறங்கையில் விரல்கள் தொடங்கும் இடத்தைத் தடவுங்கள். லேசாகத் தொட்டாலே எலும்பு தெரியும், ஆனால் துருத்தாது. இதுதான் சரி. கையைத் திருப்பி, உள்ளங்கைப் பக்கம் அதே இடத்தை அழுத்துங்கள். அழுத்தினால்தான் எலும்பு கிடைக்கிறது, இல்லையா? விலா அப்படி இருந்தால் தீனியைக் குறையுங்கள். கோல்டனுக்கு முடி ஏமாற்றும். விரலை முடிக்குள் விட்டுப் பாருங்கள்.

இதை நான் விடாமல் சொல்லக் காரணம் உண்டு. 48 லாப்ரடார்களைச் சோடி சோடியாகப் பிரித்து, சோடியில் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால்பங்கு குறைவாகவே வாழ்நாள் முழுக்கத் தீனி போட்டுப் பார்த்தார்கள். குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் தள்ளிப்போனது. மருந்து மாத்திரை எதுவும் இல்லை, கிண்ணத்தில் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

குட்டி தேர்வுக்கு வருகிறேன், நேரம் ஓடிவிட்டது. தாய் நாயைக் காட்டாதவரிடம் வாங்க வேண்டாம். தாய், தந்தை இரண்டுக்கும் இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே அறிக்கையும் கண் பரிசோதனைச் சான்றும் கேளுங்கள். 'நல்லா ஓடுதே' என்பது அறிக்கை ஆகாது. எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. வேட்டை வேலைக்கென்றே வளர்க்கிற பரம்பரையில் வந்த குட்டிக்குச் சுறுசுறுப்பு அதிகம். அமைதியான வீட்டுக்கு அது ஒத்துவராது.

காதைப் பற்றிப் பத்து நிமிடம் வைத்திருந்தேன், ஒரு நிமிடம்கூட இல்லை. நீந்தினாலோ குளித்தாலோ தொங்கும் காதைத் தூக்கி ஈரத்தை ஒற்றி எடுங்கள். நாற்றமோ ஓயாத தலையாட்டலோ இருந்தால் எண்ணெய் ஊற்றாதீர்கள். செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று மருத்துவர் பார்த்த பிறகுதான் எந்த மருந்தும். வெயில் என்று முடியை மழித்துவிடவும் வேண்டாம், சீப்பு போதும். நன்றி, வணக்கம்.